ஃபுளோரிடா கீஸ் ஆழமற்ற கடலில் ஃப்ளை தூண்டில்: கோலைத் தேர்வது முதல் மீனின் முன் ஃப்ளையை இறக்குவது வரை

முழங்கால் ஆழமே உள்ள நீரில் படகு ஓசையின்றி நகர்ந்துகொண்டிருக்கிறது. பின்பக்க மேடையில் நின்று நீண்ட கழியை ஊன்றித் தள்ளும் வழிகாட்டி, தணிந்த குரலில், "பதினொரு மணி, எண்பது அடி, நம்மை நோக்கி வருகிறது" என்கிறார். படகின் முன்முனையான அணியத்தைப் பன்னிரண்டு மணியாக வைத்துத் திசை சொல்வது அங்கே வழக்கம். மீன் மணிக்கு 3 மைல் வேகத்தில் நேராக வருவதாகக் கொண்டால், அது வினாடிக்குச் சுமார் 4.4 அடி கடக்கும். எண்பது அடியில் கண்ட மீன் நாற்பது அடிக்கு வந்துசேர ஒன்பது வினாடிகளே ஆகும். அதற்குள் அணியத்தில் நிற்பவர் மீனைக் கண்ணால் பிடித்து, தூண்டில் கயிறான லைனைக் காற்றில் எழுப்பி, வீசி, முள்ளில் இறகு சுற்றிய ஃப்ளையை அதன் பாதையில் இறக்கியிருக்க வேண்டும்.

இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒன்பது வினாடிகளைக் கருதியே எழுதப்பட்டது. உப்புநீர் ஃப்ளை தூண்டிலுக்குக் கோல் வாங்க வருபவர்களில் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, "இந்தக் கோலால் எத்தனை அடி வீசலாம்?" என்பதுதான். நான் அந்தக் கேள்வியை வேறுவிதமாகக் கேட்கச் சொல்வேன்: காற்றடிக்கும்போது, ஒரே ஒரு பின்வீச்சில், ஐம்பது அடியில், நினைத்த இடத்தில் ஃப்ளையை இறக்க இந்தக் கோல் என் கைக்கு உதவுமா? இரண்டும் ஒன்றல்ல. முதல் கேள்விக்கு ஏற்ற கோல் பல சமயம் இரண்டாவது கேள்விக்கு ஏற்றதாக இருப்பதில்லை.

எடை எங்கே இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுதல்

ஈயக் குண்டு கட்டித் தூண்டில் வீசிப் பழகியவர்களுக்கு இந்த முறை முதலில் கையில் பிடிபடாது. அங்கே குண்டு முன்னால் பறக்கிறது, நரம்பு அதன் பின்னால் இழுபட்டுப் போகிறது. இங்கே ஃப்ளை என்பது முள்ளில் இறகும் மயிரும் நூலும் சுற்றிய பொருள். அதற்குத் தானாகப் பறக்கும் எடை கிடையாது. எடை முழுவதும் தடித்த ஃப்ளை லைனில் இருக்கிறது. கோலை வளைத்து, நிறுத்தி, அந்த வளைவு நிமிரும் விசையால் லைனை ஒரு சுருளாக, அதாவது லூப்பாக, காற்றில் விரியச் செய்கிறோம். லூப் விரிந்து முடியும்போது ஃப்ளை கடைசியாகப் போய் விழுகிறது.

ஆகவே கோலின் மேல் எழுதியிருக்கும் எண் மீனின் எடையையோ கோலின் எடையையோ குறிப்பதில்லை. அது எந்த எடையுள்ள லைனுக்காக அந்தக் கோல் செய்யப்பட்டது என்பதைச் சொல்கிறது. அமெரிக்கத் தூண்டில் உற்பத்தியாளர் சங்கம் வகுத்த அளவீட்டில், லைனின் முதல் 30 அடியின் எடையைக் கிரெயின் என்ற சிறிய எடை அலகில் நிறுத்து எண் இடப்படுகிறது. 5 எண் லைனுக்கு 140 கிரெயின், 8 எண்ணுக்கு 210, 10 எண்ணுக்கு 280, 12 எண்ணுக்கு 380. கிராமில் சொன்னால் 8 எண் லைனின் முதல் முப்பது அடி சுமார் 13.6 கிராம், 12 எண் லைனுடையது சுமார் 24.6 கிராம். ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை என்பதை ஒரு நாள் முழுவதும் வீசிய தோள் தெளிவாகச் சொல்லும்.

முதல் படி: மீனை முடிவு செய்தல்

ஃபுளோரிடா மாநிலத்தின் தென்முனையிலிருந்து தென்மேற்காக வளைந்து கீ வெஸ்ட் வரை செல்லும் தீவுத்தொடரே கீஸ். அதன் இரு புறமும் மணலும் கடற்புல்லும் படர்ந்த ஆழமற்ற பரப்புகள் உள்ளன. அவற்றை ஃப்ளாட் என்கிறார்கள். ஃப்ளை தூண்டிலுக்காக அங்கே செல்பவர்கள் தேடுவது பெரும்பாலும் மூன்று மீன்களை: போன்ஃபிஷ், பெர்மிட், டார்பன். மூன்றுக்கும் ஒரே கோல் போதும் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

போன்ஃபிஷ் வெள்ளி நிறமுள்ள, உருண்டு நீண்ட மீன். ஓரடி நீரிலும் மேயவரும், மணலில் மூக்கைப் புதைத்து இறாலும் நண்டும் தேடும். அப்போது அதன் வால் நீருக்கு மேலே எழுந்து வெயிலில் மின்னும். இதற்கு 8 எண் கோல் போதுமானது. அதனினும் கனமான லைன் அமைதியான நீரில் விழும் ஓசைக்கே கூட்டம் கலைந்துவிடும். காற்றில்லாத காலையில் 7 எண் இன்னும் மென்மையாக இறங்கும். ஆனால் அத்தகைய காலைகள் குறைவு என்பதால் ஒரே கோல் வாங்குபவருக்கு 7 எண்ணை நான் சொல்வதில்லை.

பெர்மிட் பாரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. தட்டையான உயர்ந்த உடலும் கரிய பிளவுபட்ட வாலும் உடையது. இதற்கு வீசுவது ஈயக் கண்கள் வைத்த நண்டு ஃப்ளை. மெர்கின் என்ற நண்டு ஃப்ளை இதற்கென்றே புகழ்பெற்றது. அந்தக் கனத்தைக் காற்றில் திருப்பிப் போட 8 எண் லைன் திணறும். ஆகவே 9 அல்லது 10 எண் கோல் வேண்டும். கவனியுங்கள், இங்கே கோலின் எண்ணை உயர்த்தியது மீனின் பலம் மட்டுமல்ல, ஃப்ளையின் கனமும்தான்.

டார்பன் வேறு வகை. நூறு பவுண்டுக்கு மேற்பட்ட மீன்கள் ஏப்ரல் முதல் ஜூன் வரை கீஸ் ஓரமாகக் கூட்டங்கூட்டமாக நகர்கின்றன. காற்றை விழுங்கி மூச்சுவிடக்கூடிய மீன் என்பதால் நீர்மட்டத்தில் புரண்டு எழுவதை வைத்தே அதைக் கண்டுபிடித்துவிடலாம். இதற்கு 11 அல்லது 12 எண் கோல் தேவை. இத்தனைக்கும் டார்பன் ஃப்ளை பெரும்பாலும் சிறியது, வீசுவதற்குக் கடினமானதும் அல்ல. கனமான கோல் இங்கே வீச்சுக்காக அன்று, மீனைத் தூக்கித் திருப்பி விரைவில் அடக்குவதற்காக வேண்டியிருக்கிறது. மெல்லிய கோலில் இரண்டு மணி நேரம் இழுபறி நடத்திய டார்பன், விடுவித்த பிறகும் களைப்பில் சுறாவுக்கு இரையாகக்கூடும். இந்த மீனின் சிறிய உறவினம் நம் உப்பங்கழிகளிலும் உண்டு. அதற்கு 8 எண் கோலே தாராளம்.

ஒரே ஒரு கோல்தான் வாங்க முடியும் என்றால் ஒன்பது அடி நீளமுள்ள 8 எண் கோலை வாங்குங்கள். இரண்டு வாங்க முடிந்தால் 8-உம் 10-உம். டார்பனுக்கு மட்டும் போகிறவர்கள் வழிகாட்டியின் 11 அல்லது 12 எண் கோலைக் கேட்டுப் பயன்படுத்திக்கொள்ளலாம். பெரும்பாலான வழிகாட்டிகள் படகிலேயே வைத்திருப்பார்கள்.

இரண்டாம் படி: கோலைக் கையில் எடுத்துப் பார்த்தல்

நீளத்தில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ஒன்பது அடி, நான்கு துண்டுகள் என்பதே இன்று வழக்கமான அமைப்பு, பயணத்துக்கும் வசதி. உண்மையான தேர்வு கோலின் வளைவில் இருக்கிறது. நுனிப் பகுதியில் அதிகமாக வளைந்து அடிப்பகுதி விறைப்பாக இருக்கும் கோலை வேகமான கோல் என்கிறார்கள். நடுப்பகுதி வரை வளைவது மிதமானது. உப்புநீருக்கு வேகமான கோல்தான் வேண்டும் என்பது பரவலான கருத்து. காற்றை எதிர்த்து இறுக்கமான லூப் வீச அது உதவும் என்பதும் உண்மை. ஆனால் மிக விறைப்பான கோல் முப்பது அடி லைனில் வளையவே வளையாது. முப்பதிலிருந்து ஐம்பது அடிக்குள்தான் பெரும்பாலான மீன்கள் கிடைக்கின்றன. ஆகவே அதிவிறைப்பான கோலை விட, சற்று இறங்கி வளையும் வேகமான கோலையே கற்றுக்கொள்பவருக்கு நான் பரிந்துரைப்பேன்.

கடையில் கோலை வெறுங்கையால் ஆட்டிப் பார்ப்பதால் எதுவும் தெரியாது. உங்கள் லைனையும், அதைச் சுற்றிவைக்கும் ரீலையும் மாட்டி, வெளியே புல்வெளியில் வீசிப் பார்க்க அனுமதி கேளுங்கள். நல்ல கடைகள் மறுப்பதில்லை. கோல் நுனிக்கு வெளியே இருபது அடி லைனை வைத்து முதலில் வீசுங்கள், பிறகு நாற்பது, பிறகு ஐம்பது. இருபது அடியிலேயே கோல் வளைவதை உள்ளங்கையில் உணர முடிந்தால் அது உங்களுக்கான கோல். ஐம்பது அடியில்தான் உயிர் வருகிறது என்றால், உங்களைவிடத் தேர்ந்த ஒருவருக்காகச் செய்யப்பட்டது அது.

உறுப்புகளில் மூன்றைப் பார்த்தால் போதும். கைப்பிடிக்குப் பின்னால் வயிற்றில் ஊன்றிக்கொள்ள ஒரு சிறிய முட்டு இருக்க வேண்டும். ரீல் பொருத்தும் இடம் துருப்பிடிக்காத உலோகத்தால் ஆனதாகவும் இரண்டு திருகு வளையங்களால் இறுக்கப்படுவதாகவும் இருப்பது நல்லது. லைன் செல்லும் வளையங்கள் அகலமாக இருக்க வேண்டும், ஏனெனில் சிக்குண்ட லைன் அவற்றின் வழியே வெளியேற வேண்டிய நேரம் வரும்.

மூன்றாம் படி: லைன், ரீல், லீடர்

கோலுக்குச் செலவிடும் கவனத்தில் பாதியையாவது லைனுக்குச் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். முன்பக்கம் கனமாக உள்ள மிதக்கும் லைன் தேவை. அதுவும் வெப்ப மண்டலத்துக்கென்று செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். குளிர்நீர் லைனை ஃபுளோரிடா வெயிலில் எடுத்தால் அது வெந்த சேமியா போலத் துவண்டு வளையங்களில் ஒட்டிக்கொள்ளும். வெப்ப மண்டல லைனைக் குளிரில் பயன்படுத்தினால் கம்பிச் சுருளாக நிற்கும். பெட்டியில் 8 எண் என்று போட்டிருந்தாலும், இன்றைய உப்புநீர் லைன்கள் பலவற்றில் எடை அரை எண்ணோ ஒரு எண்ணோ கூடுதலாக இருக்கிறது. ஆகவே பெட்டியின் பின்புறம் அச்சிட்டிருக்கும் கிரெயின் அளவைப் படியுங்கள். கோல் விறைப்பாகத் தோன்றினால் சற்றுக் கனமான லைன் அதைச் சரிசெய்துவிடும்.

ரீலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். மீன் இழுக்கும்போது ரீலின் சுழற்சியைக் கட்டுப்படுத்தும் தடுப்பு அமைப்பு, உப்பும் மணலும் புகாதபடி மூடப்பட்டதாக இருக்க வேண்டும். லைனுக்கு அடியில், அது தீர்ந்தால் ஓடுவதற்காகச் சுற்றும் மெல்லிய பேக்கிங் நூல் போன்ஃபிஷுக்கு 20 பவுண்டு பலத்தில் 200 கெஜமும், டார்பனுக்கு 30 பவுண்டு பேக்கிங் 250 கெஜத்துக்குக் குறையாமலும் கொள்ள வேண்டும். நல்ல போன்ஃபிஷ் முதல் ஓட்டத்திலேயே நூறு கெஜம் இழுத்துச் செல்லும்.

லைன் நுனியில் கட்டும் மெல்லிய நரம்பான லீடர் போன்ஃபிஷுக்கு பத்து முதல் பன்னிரண்டு அடி. அதன் நுனியில், கடைசி மெல்லிய துண்டான டிப்பெட், 10 அல்லது 12 பவுண்டு ஃப்ளோரோகார்பன் நரம்பு. காற்று அதிகமானால் ஒன்பது அடிக்குக் குறைக்கலாம். நீர் கண்ணாடிபோல் இருந்தால் நீட்ட வேண்டும். டார்பனின் வாய் அரம் போல் சொரசொரப்பானது. எனவே 16 அல்லது 20 பவுண்டு டிப்பெட்டுக்குப் பிறகு, ஃப்ளைக்கு முன்னால், ஓரடி அளவுக்கு 60 பவுண்டு தடித்த நரம்பு சேர்க்கப்படுகிறது. ஃப்ளையை இறுகக் கட்டாமல், நழுவாத சிறு வளைய முடிச்சால் கட்டினால் அது நீரில் உயிருள்ளதுபோல் அசையும்.

நான்காம் படி: வீச்சின் அடிப்படை

உப்புநீர் ஃப்ளை வீச்சை உலகெங்கும் கற்பித்தவர்களில் முதன்மையானவர் லெஃப்டி கிரே. 1925-ல் பிறந்து 2018-ல் மறைந்த அந்த அமெரிக்கர், 1960-களில் மயாமியில் வாழ்ந்து இந்தக் கடலை நன்கறிந்தவர். நன்னீர் ஆறுகளில் அப்போது கற்பித்துவந்த முறை, கடிகார முள்ளைப் போலக் கோலைப் பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில் மட்டும் அசைப்பது. அந்தக் குறுகிய அசைவு உப்புநீரின் கனமான லைனுக்கும் காற்றுக்கும் போதாது என்று கண்டு, கோலைப் பின்னால் வெகுதூரம் கொண்டுசென்று உடலையும் சேர்த்துத் திருப்பும் நீண்ட வீச்சை அவர் கற்பித்தார். கோல் எவ்வளவு நீண்ட தூரம் பயணிக்கிறதோ அவ்வளவு குறைவான பலம் போதும் என்பதே அதன் சாரம்.

இதைக் கற்கும்போது மனத்தில் இருத்த வேண்டியவை சில. லைனின் நுனி அசையத் தொடங்காமல் வீச்சு தொடங்குவதில்லை. ஆகவே லைனைத் தளர்வாக விடாமல், கோல் நுனியை நீர்மட்டம் வரை தாழ்த்தி வைத்துக்கொண்டு, அங்கிருந்து எடுக்க வேண்டும். மெதுவாகத் தொடங்கி, சீராக வேகத்தைக் கூட்டி, சட்டென்று நிறுத்த வேண்டும். நிறுத்தம்தான் வீச்சு. நிறுத்தாவிட்டால் கோலில் சேர்ந்த விசை லைனுக்குப் போகாது. நிறுத்தும் கணத்தில் கோல் நுனி எந்தத் திசையில் விரைந்ததோ அந்தத் திசையில்தான் லைன் போகும். பின்வீச்சில் லூப் விரிந்து முடியும் வரை காத்திருந்த பிறகே முன்னால் கொண்டுவர வேண்டும். எவ்வளவு காத்திருப்பது என்று எண்ணிப் பார்க்காமல், தலையைத் திருப்பிப் பின்வீச்சைக் கண்ணால் பாருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, தேர்ந்தவர்களும் செய்கிறார்கள்.

லூப்பின் மேல்பகுதி கீழ்ப்பகுதியைக் குறுக்கே வெட்டி லீடரில் முடிச்சு விழுவது எல்லாருக்கும் நேரும். இதைக் காற்று முடிச்சு என்று சொல்லிக் காற்றின் மேல் பழி போடுகிறோம். உண்மையில் முன்வீச்சின் தொடக்கத்திலேயே பலத்தை ஒரேயடியாகச் செலுத்துவதால் கோல் நுனி நேர்கோட்டைவிட்டுக் குழிந்து இறங்குவதே காரணம். மீனைக் கண்ட பதற்றத்தில் இது இரட்டிப்பாகும். முடிச்சு விழுந்த டிப்பெட் தன் பலத்தில் பெரும்பங்கை இழந்துவிடுகிறது. எனவே சிறிது ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் விரல்களால் லீடரைத் தடவிப் பாருங்கள்.

ஐந்தாம் படி: டபுள் ஹால்

கோல் பிடிக்காத கை லைனைப் பிடித்திருக்கிறது. கோல் வேகமெடுக்கும் கடைசிக் கணத்தில் அந்தக் கை லைனைச் சட்டென்று கீழே இழுத்தால் லைனின் வேகம் கூடுகிறது, கோல் இன்னும் வளைகிறது. பின்வீச்சிலும் முன்வீச்சிலும் இவ்வாறு இழுப்பதே டபுள் ஹால். இதைத் தூரத்துக்கான வித்தை என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. நாற்பது அடி வீச்சிலும், வலது தோளின் சுமையைக் குறைத்து லூப்பை இறுக்குவது இந்த இழுப்புதான். டபுள் ஹால் இல்லாமல் கடலுக்குப் போவது ஒரு கையால் துடுப்புப் போடுவதற்குச் சமம்.

இழுப்பதைவிடத் திருப்பிக் கொடுப்பதில்தான் நுட்பம் இருக்கிறது. இழுத்த கை கீழேயே நின்றுவிட்டால், அடுத்த வீச்சுக்கு இழுக்க இடமில்லாமல் போகும், கோல் முதல் வளையத்துக்கும் கைக்கும் இடையே லைன் தொய்ந்து தொங்கும். ஒரு சாண் அளவுக்குச் சுருக்கமாக இழுத்த உடனே, லூப் விரியும் இழுவையோடு கையை மேலே போகவிட வேண்டும்.

இதைக் காற்றில் நேரடியாகக் கற்க முயன்றால் கை குழம்பும். நான் பயன் கண்ட முறை இது. புல்வெளியில் முப்பது அடி லைனை இடப்புறமாக நேராகப் பரப்பிவையுங்கள். கோலை இடுப்பளவில் கிடையாகப் பிடித்து, இழுப்போடு சேர்த்து வலப்புறம் ஒரே வீச்சு வீசி, லைன் தரையில் விழவிட்டு நில்லுங்கள். கை ரீலருகே திரும்பி வந்திருக்கிறதா, லைன் தொய்ந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பிறகு இடப்புறம். ஒவ்வொரு வீச்சும் தனித்தனியாக, நடுவில் நிறுத்தம். நாள்தோறும் கால்மணி நேரம் இவ்வாறு செய்தால், சில வாரங்களில் கை தானாகவே இழுத்துக் கொடுக்கத் தொடங்கும். அதன்பின் லைனைத் தரையில் விடாமல் தொடர்ந்து வீசலாம்.

ஆறாம் படி: காற்றோடு உடன்படுதல்

கீஸ் பகுதியில் ஆண்டின் பெரும்பகுதி வீசுவது கிழக்கும் தென்கிழக்குமான காற்று. நம் கடற்கரையில் கொண்டல் என்று சொல்லும் திசை. மணிக்கு 15 மைல் காற்று அங்கே யாரையும் வீட்டில் உட்கார வைப்பதில்லை.

எதிர்க்காற்றில் பலத்தைக் கூட்டுவதே எல்லாரும் செய்யும் தவறு. செய்ய வேண்டியது வீச்சின் சாய்வை மாற்றுவது. பின்வீச்சை உயரமாகப் போட்டு, முன்வீச்சைத் தாழ்வாக, நீர்மட்டத்தில் லூப் விரிந்து முடியும்படி செலுத்துங்கள். லூப் உயரத்தில் விரிந்தால் காற்று ஃப்ளையை உங்களிடமே திருப்பித் தள்ளிவிடும். பின்காற்றில் இதற்கு மாறாக, பின்வீச்சைப் பக்கவாட்டில் தாழ்வாக, சற்றுப் பலமாகப் போட்டு, முன்வீச்சை உயர்த்திவிட்டால் காற்றே லைனைச் சுமந்து செல்லும்.

வலக்கைக்காரருக்கு இடப்புறக் காற்று தொல்லை தராது, லைனை உடலிலிருந்து அப்பால் தள்ளும். குறியை மட்டும் சற்று இடப்புறமாக வைத்தால் போதும். வலப்புறக் காற்றுதான் ஆபத்தானது. முள்ளோடு கூடிய லைனை அது தலைக்கும் கழுத்துக்கும் நேராகத் தள்ளுகிறது. கோல் நுனியை இடத்தோளுக்கு மேலாகச் சாய்த்து வீசுவது ஒரு வழி. அதைவிட நம்பகமானது, மீனுக்கு முதுகு காட்டி நின்று, முன்வீச்சை எதிர்த்திசையில் போட்டு, பின்வீச்சையே மீனிடம் செலுத்துவது. இந்தப் பின்வீச்சு இறக்கத்தைத் தனியாகப் பழகிவையுங்கள். பயிற்சி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கினாலும் தகும். கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் எந்தக் காற்றிலும் கோலை எடுக்கக் கூடாது. கண்ணாடி, நீர்ப்பரப்பின் பளபளப்பைத் தடுக்கும் போலரைஸ்டு வகையாக இருந்தால்தான் நீருக்கடியில் மீனும் தெரியும்.

ஈயக் கண் வைத்த நண்டு ஃப்ளைக்கு மட்டும் இறுக்கமான லூப் பொருந்தாது. பக்கவாட்டில் பின்வீசி, நிறுத்தாமல் வளைத்து மேலாக முன்வீசும் நீள்வட்ட வீச்சில் லைன் எப்போதும் இழுபட்ட நிலையில் இருக்கும், கனமான ஃப்ளை நடுவில் துள்ளாது.

ஏழாம் படி: அணியத்தில் நிற்கும் முறை

படகு நகரத் தொடங்குமுன் ஒரு முறை வீசி, நீங்கள் உண்மையில் வீசக்கூடிய தூரத்துக்கான லைனை மட்டும் ரீலிலிருந்து இழுத்து வெளியே வையுங்கள். அறுபது அடி வீசுபவர் தொண்ணூறு அடி லைனைக் காலடியில் போட்டால் மிச்சம் முப்பது அடியும் சிக்கலாகவே இருக்கும். இழுத்த லைனை இரு கைகளுக்கிடையே நீட்டி அதன் சுருள் நினைவைப் போக்குங்கள். பிறகு அதை ஒரு முறை வீசி மீண்டும் இழுத்துச் சேர்த்தால், முதலில் வெளியேற வேண்டிய பகுதி மேலே வரும். இந்த ஒரு செயலை விட்டுவிட்டால் லைன் அடியிலிருந்து உருவப்பட்டு முடிச்சாகும்.

நான் முதன்முறை கீஸ் தீவுகளில் உள்ள இஸ்லமொராடாவில் அணியத்தில் நின்றபோது, காலைநேர வெளிச்சத்தில் மூன்று போன்ஃபிஷ் நேராக வந்தன. வீச்சு நன்றாகவே அமைந்தது. லைன் பாதி வழியில் நின்று ஃப்ளை இருபது அடியில் குவியலாக விழுந்தது. குனிந்து பார்த்தேன், என் வலக்காலணியின் கீழே லைன். அன்றிலிருந்து நான் படகில் வெறுங்காலோடுதான் நிற்கிறேன். காலடியில் லைன் இருந்தால் பாதத்தோல் உடனே சொல்லிவிடும்.

தயார் நிலையில் கோல் நுனிக்கு வெளியே லீடரும் பத்தடி லைனும் இருக்கட்டும். ஃப்ளையை முள்ளின் வளைவில், கூர் வெளிப்புறமாக, இடக்கை விரல்களால் பிடித்திருங்கள். வழிகாட்டி திசை சொன்னதும் கோலை அந்தத் திசைக்கு நீட்டுங்கள். "இன்னும் வலப்புறம், அங்கேதான்" என்று அவர் திருத்துவார். கோல் காட்டும் கோட்டில் மீனைத் தேடுங்கள். கண்டவுடன், பின்வீச்சில்லாமல் லைனை முன்னால் உருட்டிவிடும் ஓர் உருட்டு வீச்சு, ஃப்ளையை விடுதல், இழுப்போடு ஒரு பின்வீச்சு, லைனை நழுவவிட்டு இறக்கம். ஃப்ளையை இறக்காமல் காற்றிலேயே முன்னும் பின்னும் வீசும் பொய்வீச்சுகள் இரண்டுக்கு மேல் வேண்டாம். தலைக்கு மேல் ஆடும் லைனின் நிழலைக் கண்டே மீன் ஓடிவிடும். இறக்கத்தில் லைனைக் கையைவிட்டு விட்டுவிடாமல், பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்த வளையத்தினூடே ஓடவிட்டால், ஃப்ளை நீரைத் தொட்ட கணமே இழுக்கத் தொடங்கலாம்.

இதைப் புல்வெளியிலேயே பழகலாம். முனை வெட்டிய ஃப்ளையைக் கட்டி, முப்பது, நாற்பது, ஐம்பது அடிகளில் சாப்பாட்டுத் தட்டுகளை வெவ்வேறு திசைகளில் வையுங்கள். துணைக்கு ஒருவரை நிறுத்தி, "இரண்டு மணி, நாற்பது அடி" என்று எதிர்பாராமல் சொல்லச் சொல்லுங்கள். பத்து எண்ணுவதற்குள் ஃப்ளை தட்டருகே இருக்க வேண்டும். காற்று நாளைத் தேர்ந்தெடுத்துப் பழகுங்கள்.

எட்டாம் படி: இறக்கமும் அதற்குப் பின்னும்

நகர்ந்துகொண்டிருக்கும் போன்ஃபிஷுக்கு ஆறு முதல் பத்து அடி முன்னால் ஃப்ளையை இறக்கி, மீன் நெருங்கும்போது மெல்ல இழுக்க வேண்டும். வாலெழுப்பி மேயும் மீன் மணலையே பார்த்துக்கொண்டிருப்பதால், இரண்டு மூன்று அடி அருகிலேயே மென்மையாக இறக்கலாம். எந்த மீனானாலும் ஃப்ளை அதைவிட்டு விலகிப் போவதாகவே தோன்ற வேண்டும். இறால் மீனைத் துரத்துவதில்லை. மீனை நோக்கி நகரும் ஃப்ளையைக் கண்டால் டார்பன்கூட மிரண்டு விலகும். எனவே எந்தக் கோணத்தில் இழுக்கப்போகிறோம் என்பதை வீசுமுன்பே முடிவு செய்ய வேண்டும்.

மீன் கவ்வியதும் கோலை மேலே தூக்குவது நன்னீர் மீனுக்கான பழக்கம். இங்கே அது ஃப்ளையை வாயிலிருந்து பிடுங்கிவிடும். கோல் நுனி நீரைத் தொட்டபடி மீனை நோக்கியே இருக்கட்டும். லைன் கையால் நீளமாக ஓர் இழுப்பு இழுத்து முள்ளைப் பதியச் செய்யுங்கள். மீன் கவ்வாமல் தவறவிட்டாலும் ஃப்ளை ஓரடிதான் நகர்ந்திருக்கும், அது மீண்டும் திரும்பக்கூடும். எலும்பு போன்ற வாயுடைய டார்பனுக்கு இந்த இழுப்பு இரண்டு மூன்று முறை வேண்டும், முள் நகத்தில் உரசினால் பற்றும் அளவுக்குக் கூராக இருக்க வேண்டும்.

அதன்பின் மீனை மறந்து லைனைப் பாருங்கள். தரையில் கிடப்பது முழுவதும் வளையங்கள் வழியே வெளியேறி ரீலோடு இறுகும் வரை, இடக்கை அதைக் கோலிலிருந்து தள்ளிப் பிடித்து வழிநடத்த வேண்டும். டார்பன் துள்ளும்போது கோலை அதை நோக்கித் தாழ்த்தி லைனைத் தளர்த்துங்கள். இறுகிய லைனின் மேல் அந்த எடை விழுந்தால் டிப்பெட் அறுந்துவிடும். இழுக்கும்போது கோலைச் செங்குத்தாக நிமிர்த்தாதீர்கள். நுனி மட்டும் வளைந்து பலம் வீணாவதோடு, மீன் படகருகே வந்தபின் கோல் முறிவதும் பெரும்பாலும் இதனால்தான். தாழ்வான கோணத்தில், மீன் போகும் திசைக்கு எதிர்ப்பக்கமாக, கோலின் அடிப்பகுதியால் இழுங்கள்.

ஃபுளோரிடாவில் போன்ஃபிஷைப் பிடித்தால் விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். நாற்பது அங்குலத்துக்கு மேற்பட்ட டார்பனை நீரிலிருந்து வெளியே எடுக்கக் கூடாது. முள்ளின் பின்னோக்கிய சிறு கொக்கியை முன்பே நசுக்கி வைத்திருந்தால், நீரிலிருக்கும் மீனின் வாயிலிருந்து அது ஒரு திருப்பலில் கழன்றுவிடும். கையை நன்றாக நனைத்துக்கொண்டு பிடியுங்கள், மீனின் தலை நீரோட்டத்தை நோக்கி இருக்கட்டும், வாலை அடித்துத் தானாக நழுவும் வரை காத்திருங்கள். இழுபறியின் நடுவே சுறாவின் துடுப்பு தென்பட்டால், எவ்வளவு பெரிய மீனாக இருந்தாலும், ரீலை அழுத்திப் பிடித்து டிப்பெட்டை உடனே அறுத்துவிடுங்கள்.